கேள்வி கேட்கக் கூடாத தெரு

தினேஷு, பவித்ரா, இந்த வாரம் நான் எழுதுவது உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த கதைதான். தினேஷுக்கு அதில் வந்த சிரிப்பு மட்டும் ஞாபகம் இருக்கும். பவித்ராவுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வாரா வாரம் நான் எழுதுவதை மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிப்பதால் ஒரு விவரம் சொல்லிவிடுகிறேன். நான் குட்டியானை ஓட்டுகிறவன். நிஜ யானை இல்லை. சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர். நெம்மேலியை ஒட்டின கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. கரையில் ஏலம் முடிந்த மீனை ஐஸில் அடுக்கி மார்க்கெட்டுகளில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. இந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைப் போன வாரம் சொன்னேன்.

ஒரு நாள் காலை. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, காலி மீன் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மீன் வாடையும் பிளீச்சிங் பவுடர் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. தினேஷ் வாயில் பிரஷ்ஷோடு பக்கத்தில் நின்றிருந்தான். பவித்ரா வண்டியின் முன் சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதெல்லாம் அவள் எழுந்ததும் அங்கேதான் போவாள்.

கங்கையம்மன் கோயில் மேலே கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. அறிவிப்பு சொல்கிற தேசப்பன் தொண்டையைக் கனைத்தார். அந்த ஸ்பீக்கரில் வருகிறவை எல்லாம் எங்களுக்கு வழக்கமானவை. யாருடைய வலையோ கரை ஒதுங்கியிருக்கிறது, ஊர்க் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம், இப்படி.

"அலோ, அலோ. ஊர் சனங்க நல்லா கேட்டுக்கோங்க. நம்ம லோடு வண்டி மணி பொண்ணு பவித்ராவாண்ட இன்னிலேர்ந்து யாரும் எந்தக் கேள்வியும் கேக்கக் கூடாது. பேரு கேக்கக் கூடாது. பாடம் கேக்கக் கூடாது. சாப்ட்டியான்னு கேக்கக் கூடாது. இது ஊர்க் கட்டுப்பாடு. மீறி கேக்கறவங்க அம்மன் வௌக்குக்கு ஒரு லிட்டர் நல்லெண்ண வாங்கித் தரணும். அப்பால, நாளைக்குக் கரண்ட்டு இருக்காது."

தினேஷ்தான் வாயில் நுரையோடு கேட்டான். "பல்லு தேச்சியான்னு கேட்டாகூடவாப்பா?"

பவித்ரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஸ்பீக்கர் சத்தம் அவளுக்கு எப்போதுமே ஆகாது. தன்னைப் பற்றித்தான் சொன்னார்கள் என்பது அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம்

அதற்கு முந்தின கதையைச் சொல்கிறேன். பவித்ரா பேச்சு வராத பிள்ளை இல்லை. வீட்டில் அவளாகப் பேசுவாள். "அப்பா வண்டி ரிவர்ஸ்ல வருது." "பூனை ஈரமா கீது." கண்ணில் பட்டதைச் சொல்வாள். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

யாராவது கேட்டால் மட்டும் நின்றுவிடும். பெயர் கேட்டால்கூட அப்படித்தான். முகம் ஷட்டர் இறக்கின கடை மாதிரி ஆகிவிடும்.

பள்ளிக்கூடமோ கேள்வி கேட்கிற இடம். முதல் இரண்டு வகுப்பும் பாட்டிலும் கைதட்டிலும் ஓடிவிட்டன. மூன்றாவதில்தான் சிக்கல் வந்தது. மிஸ் எழுப்பி நிறுத்திக் கேட்பார். இவள் நிற்பாள். மிஸ் காத்திருப்பார். பின்னாலிருந்து பிள்ளைகள் இவளுக்காகப் பதில் சொல்வார்கள், அப்புறம் சிரிப்பார்கள். ஒரு நாள் இவள் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். பிறகு தினமும் போனாள்.

அந்த மிஸ் கெட்டவர் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையோடு பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு இவளை எப்படிப் பாத்துக்கறதுன்னு தெரியலங்க" என்று வசந்தியிடம் அவரே சொல்லியிருக்கிறார். வசந்தி என் மனைவி, உங்கள் அம்மா.

பிறகு யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி வர ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினால் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காது. துவைத்த துணியை மடித்துப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, காலையில்தான் எடுப்பாள் வசந்தி.

ஒரு மத்தியானம் பிள்ளையைக் காணோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீர் மோட்டார் ரூமுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே போயிருக்கிறாள். எலுமிச்சை சாதம் டப்பாவில் அப்படியே இருந்தது. அழுத மாதிரி இல்லை. வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மோட்டாரு சூடா இருந்துச்சு."

செங்கல்பட்டு பெஞ்சு

அந்த வாரமே செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். குட்டியானையில்தான் போனோம். வண்டியைக் கழுவி, சாம்பிராணி காட்டியும் மீன் வாடை போகவில்லை. வாட்ச்மேன், "அண்ணாத்த, அந்த மரத்தாண்ட தள்ளிப் போடு, நோயாளிங்க வந்து போற எடம்" என்றார். நாங்களும் அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. தள்ளிப் போட்டேன். பவித்ரா வழியெல்லாம் ஏரியையும், பக்கத்தில் ஓடின ரயிலையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா இதற்கு ஒரு பெயர் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. அது பவித்ராவுடையது. பெரியவளான பிறகு சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

"இவளுக்கு அறிவுல ஒரு குறையும் இல்ல" என்றார். "நாம கேக்கறது உள்ள போயி, பதில் வெளிய வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுக்குள்ள நாம அடுத்ததைக் கேட்டுடறோம். ரெண்டும் நடுவழியில முட்டிக்குது."

இப்போதைக்குப் பள்ளிக்கூடத்தை அவள் உடம்பு தாங்கவில்லை என்றும், அவள் பெயரைப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லிக் கொடுக்க வழி இருக்கிறது என்றும், வாரத்துக்கு ஒரு நாள் சிறப்பு ஆசிரியை வீட்டுக்கே வருவார் என்றும் சொன்னார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். வசந்தி பத்தாவது. எங்களை நம்பிப் பிள்ளையை வீட்டில் வைக்கச் சொல்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வெளியே பெஞ்சில் படூரிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அடுக்குமாடி வீடு, புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவர்களுடைய பையனையும் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்திருந்தார்கள்.

"அவனுக்குன்னே ஒரு ரூம் குடுத்துட்டோம்" என்றார் வசந்தியிடம். "கதவைச் சாத்திட்டா வெளிச் சத்தம் ஒண்ணும் வராது. அப்புறம்தான் படிக்கவே ஆரம்பிச்சான்."

"எங்க தெருவுல பகல்ல கதவைச் சாத்தினா, எவனோ செத்துட்டான்னு மாலையோட வந்துடுவாங்கக்கா" என்றாள் வசந்தி.

அந்த அம்மா சிரித்தார். வசந்தியும் சிரித்தாள். போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

தெரு பூரா வாத்தியார்

எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சின்னக் கரும்பலகை. நான் லோடு எடுத்துக்கொண்டு போன பிறகு வசந்தி வகுப்பு நடத்துவாள். முதல் சில நாள் நன்றாகவே போனது என்றாள். யூனிஃபார்ம் இல்லை, வாந்தியும் இல்லை.

பிறகு தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் குப்பத்தில் பகலில் வீட்டிலிருக்கும் பிள்ளை எல்லாருக்கும் பொதுப் பிள்ளை. காய்ச்சல் என்று படுத்தால் நாலு வீட்டுக் கஞ்சி வரும். இப்போது பவித்ரா வீட்டில் படிக்கிறாள் என்றதும் எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு வேண்டியிருந்தது.

பக்கத்து வீடு அஞ்சலைக்கு. மீன் விற்கிறவர். கூடையைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னால் சுவர் மேலே முகத்தை நீட்டுவார்.

"பவி கண்ணு, ரெண்டும் மூணும் இன்னா?"

டீக்கடை பாபு, "கடலுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்லு, வடை தரேன்" என்பார். வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள், இவள் தண்ணீர்க் குடத்தோடு போனாலும் விட மாட்டார்கள். "இன்னிக்கு இன்னா பாடம்? அ, ஆ ஒரு வாட்டி சொல்லிட்டுப் போ." ஊர்த் தலைவர் வெள்ளை வேட்டியோடு போகிறபோது நின்று, "மொதலமைச்சர் யாரு?" என்பார்.

ஒருத்தர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. பள்ளிக்கூடம் போகாத குறை தெரியக் கூடாது என்று ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மிஸ்தான் கேட்டார். இங்கே தெருவே கேட்டது.

பவித்ரா முதலில் வாசலுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு நாற்காலியில் உட்காருவதை. பூனை ஈரமாக இருக்கிறது என்று சொல்வது நின்றது. என் வண்டி ரிவர்ஸில் வந்தால் பார்ப்பாள், சொல்ல மாட்டாள். பசித்தால் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போவாள். நான் லோடு இறக்கிவிட்டு வந்தால், முன் சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும்.

ஒரு சாயங்காலம் வசந்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, அவ கடைசியா எப்போ பேசினா, ஞாபகம் கீதா?"

யோசித்துப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துல கேள்விக்குத்தான் பதில் வரல. வூட்டாண்ட தானா பேசிகினு இருந்தா. இப்போ அதுவும் போச்சு. நாமதான் வூட்டுக்கு இட்டாந்து வாயை அடைச்சிட்டமா? திருப்பி அங்கியே வுட்டுடலாமா?"

"அங்க வுட்டா மோட்டார் ரூமுக்குப் போவா."

"இங்க மட்டும்? வண்டிக்குள்ள போறா."

இருக்கிற கொஞ்சப் பேச்சும் அப்படியே உள்ளே போய் ஒரேயடியாக நின்றுவிடுமோ என்பதுதான் எங்கள் பயம். அதை வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை ஸ்கூட்டியில் டாக்டரம்மா சொன்ன டீச்சர் வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர். சின்ன வயசு. வீட்டுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் சுவர் மேலிருந்து அஞ்சலை ஒரு கணக்குக் கேட்டார், வாசலிலிருந்து பாபு ஒரு இங்கிலீஷ் கேட்டார், கிரைண்டர் இரவல் வாங்க வந்த பெண் பெயர் கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு இவகிட்ட யாரும் கேள்வி கேக்காம இருந்தா நல்லாருக்கும்" என்றார் டீச்சர். "பதில் வாங்கறதுக்காகப் பேசாதீங்க. நீங்க என்ன செய்யறீங்களோ, அதைச் சொல்லிட்டு விட்டுடுங்க. வந்தா வரட்டும்."

அவர் சொன்னது ஒரு யோசனை. எங்கள் ஊருக்கு யோசனை பழக்கமில்லை. ஒன்றை ஊரே சேர்ந்து செய்யும், இல்லாவிட்டால் ஊரே சேர்ந்து தடை போடும்.

ஊர்க் கூட்டம்

கூட்டம் கோயில் முன்னால் மணலில் நடக்கும். ஆண்கள் நடுவில் உட்காருவார்கள், பெண்கள் ஓரத்தில் நின்று கேட்பார்கள். படகு எஞ்சின் தகராறு ஒன்று முடிந்து, தலைவர் துண்டை உதறி எழப்போன நேரத்தில் வசந்தி நடுவில் வந்து நின்றாள். என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"தலைவரே, எம் பொண்ணாண்ட யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போடணும்."

தலைவர் மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னாம்மா இது? கேள்வி கேக்கறது குத்தமா?"

"குத்தம்னு சொல்லல. அவளுக்குத் தாங்கல."

"ஆசையாத்தானே கேக்கறோம்" என்றார் அஞ்சலை ஓரத்திலிருந்து. குரலில் கோபம் இருந்தது.

"ஆசையாத்தான் கேக்கற, இல்லேங்கல அஞ்சலக்கா. ஆனா அவ பேச்சு போய்கினே கீது. இப்போ எங்களாண்டயும் பேசறதில்ல. மாசம் ஆவப் போவுது."

அப்புறம் பாபு எழுந்தார்.

"அப்போ என் பொண்டாட்டிக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டு வுடுங்க தலைவரே. எங்க போனே, எவனோட போனேன்னு ஒரே பேஜாரு."

"குந்துடா. உன்னாண்ட கேக்கறது நாயமான கேள்வி" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் வசந்தியைப் பார்த்தார்.

"பாடம் கேக்க வேணாம், அவ்ளோதானே?"

வசந்தி பதில் சொல்வதற்குள் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "அதெல்லாம் ஓட்டை வைக்கக் கூடாது தலைவரே. பாடம் கேக்கலியே, பேருதானே கேட்டேம்பான் ஒருத்தன். சாப்ட்டியான்னுதானே கேட்டேம்பான் இன்னொருத்தன். போட்டா ஒயுங்கா போடு."

"திருவிழா அன்னிக்குக் கடலுக்குப் போவக் கூடாதுன்னா ஒருத்தனும் போறதில்ல" என்றார் தலைவர். "அதே மாரிதான். கேள்வின்னா எல்லாக் கேள்வியுந்தான்."

டீச்சர் சொன்னது இவ்வளவு பெரிதாக ஆகும் என்று வசந்தி நினைக்கவில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் தேசப்பன் தொண்டையைக் கனைத்தது.

எண்ணெய்

கேள்வி இல்லாமல் ஒரு பிள்ளையிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தால் கேள்விதான் வருகிறது.

அஞ்சலை சுவர் மேலே முகத்தை நீட்டினார். பவித்ராவைப் பார்த்தார். வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"நான்... மீனு வச்சிகினு கீறேன். சங்கரா மீனு. அவ்ளோதான்." கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பாபு ஒரு தந்திரம் செய்தார். பவித்ரா வசந்தியோடு போகும்போது பக்கத்தில் படுத்திருந்த ஆட்டைப் பார்த்து, "இன்னா, வடை வேணுமா?" என்று கேட்டார். ஆட்டைக் கேட்டது செல்லுமா செல்லாதா என்று கடையில் பெரிய வாதம் நடந்தது. ஆடு வடை தின்னாது என்பதால் அது பவித்ராவைக் கேட்டதுதான் என்று முடிவாகி, அவர் எண்ணெய் வாங்கித் தந்தார்.

முதலில் மாட்டினது அவர் இல்லை, தலைவர். ஸ்பீக்கரில் சொன்ன அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் நின்று, உள்ளே இருந்த பவித்ராவைப் பார்த்து, "இன்னாம்மா, அப்பா வூட்ல இல்லியா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அஞ்சலை வீட்டிலிருந்து ஒரு இருமல் சத்தம் மட்டும் வந்தது. தலைவர் எண்ணெய் வாங்கக் கடைப் பக்கம் நடந்தார்.

அடுத்த வியாழக்கிழமை டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"பவி, எப்படி இருக்கே?"

"டீச்சரம்மா, ஒரு லிட்டர்" என்றார் அஞ்சலை.

விஷயத்தைக் கேட்டு டீச்சர் கோயில் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். "நான் சொன்னதையா மைக்கில போட்டாங்க?" என்றார். பிறகு அவரும் போய் எண்ணெய் வாங்கினார். அந்த மாதம் அம்மன் விளக்கு பகலிலும் எரிந்தது.

இவ்வளவுக்கும் பவித்ரா பேசவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். தினமும் சாயங்காலம் வண்டியைத் திருப்பும்போது வசந்தியின் முகத்தைப் பார்ப்பேன். அவள் இல்லை என்று தலையாட்டுவாள்.

ஆனால் தெரு மெல்ல வேறு மாதிரி பேசப் பழகியது. வலைக்காரர்கள், "நான் இந்த ஓட்டையை அடைக்கிறேன், பெரிய மீனு ஒண்ணு கிழிச்சிட்டுது" என்று அவள் காதில் விழச் சொல்வார்கள். பாபு, "இப்போ பாலு பொங்கப் போவுது" என்பார். வசந்தி நாற்காலியைத் தூக்கிப் பரண் மேலே போட்டுவிட்டாள். தானே தரையில் உட்கார்ந்து, "நான் நாஸ்தாவுக்கு வாங்க வேண்டியத எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதுவாள். ரவை, வெங்காயம். எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தபோது, வெங்காயத்துக்குக் கீழே கோணலாகப் 'பூனை' என்று எழுதியிருந்தது. வசந்தி அதைப் பற்றிப் பேசவில்லை. போன் பண்ணி என்னிடம் மட்டும் சொன்னாள்.

வண்டிக் கண்ணாடி பாதி இறங்கியது. பிறகு முழுசாக இறங்கியது.

ஒரு காலை நான் ஐஸ் பாரைத் தரையில் போட்டுக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தேன். "இது இன்னும் ஒடையல" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். யாருக்கும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டது. இன்னும் இரண்டு அடி. விரிசல் ஓடிப் பார் இரண்டானது.

"ஒடஞ்சிருச்சு."

எனக்குப் பின்னால் அவள் குரல். நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகமே ஒரு கேள்வியாக இருந்திருக்கும். "இன்னொரு பார் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்தேன். காதெல்லாம் பின்னாலேயே இருந்ததில் பார் நழுவிக் காலில் விழுந்தது. சுண்டு விரல் நகம் போய் முளைத்தது பவித்ராவுக்குத் தெரியும். எதனால் என்று இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

கோவளம் ரோடு

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பேச்சு வந்தது. நான் லோடு எடுத்துப் போகும்போது சில நாள் முன் சீட்டில் கூட வந்தாள். ரோட்டில் தெரிவதை நான் சொல்லிக்கொண்டு போவேன். மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிறவர்களுக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி. சவுக்குத் தோப்பு. ஹோட்டல் போர்டு. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் கோவளம் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நெம்மேலி தண்ணீர் ஆலையைத் தாண்டினோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தினமும் கண்ணில் படுகிற சுவர். ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"இங்க கடல் தண்ணியில உப்பை எடுத்துட்டு நல்ல தண்ணி ஆக்கறாங்க. அது மெட்ராஸுக்குப் போவுது."

கோவளம் போய்ச் சேர்ந்தோம். பெட்டிகளை இறக்கினேன். டீ குடித்தேன், அவளுக்கு பன் வாங்கிக் கொடுத்தேன். திரும்புகிற வழியில் அதே சுவரைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"உப்பு எங்கப்பா போவுது?"

அவள் பிறந்ததிலிருந்து என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. வேண்டும் என்றால் கையை நீட்டுவாள், இல்லை பார்த்ததைச் சொல்வாள். கேட்பது என்று ஒன்றை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. காலையில் சொன்னது உள்ளே போய், கோவளம் வரை போய், பன்னோடு திரும்பி வந்து இப்போது வெளியே வந்திருக்கிறது.

"ஏன் கேக்கறே?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எட்டாவதில் சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ, நினைவில் இல்லை. ஏதாவது சொல்லி வைக்கலாம் என்றும் தோன்றியது. சொல்லவில்லை.

"தெர்லம்மா."

"சரி" என்றாள். மிச்ச பன்னைத் தின்றாள்.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "கேள்வி கேட்டாளா? உன்னாண்டயா?" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள். அஞ்சலைக்குச் சொல்லத்தான் போனாள் என்று நினைத்தேன். இல்லை, முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பவித்ராவுக்கு இப்போது அம்மா தோள் உயரம். இன்னும் வீட்டில்தான் படிக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், அவசரமில்லை. வெளியிலிருந்து பரீட்சை எழுதுகிற வழி இருக்கிறது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். படூர்ப் பையன் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானாம். அவனுக்கு அது ஒத்துப்போயிருக்கிறது. எது யாருக்கு ஒத்துப்போகும் என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டை யாரும் ரத்து செய்யவில்லை. செய்யச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கேள்வி வந்த மறுநாள், லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு தனியாக வந்தேன். ஆலைச் சுவர் முடிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். சவுக்குத் தோப்பு வழியாகக் கரைக்கு இறங்கினேன். வெயில் ஏறியிருந்தது. ஆள் யாரும் இல்லை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எடுத்த உப்பை இங்கேயே கடலில் விடுகிறார்களோ என்று ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பினேன். கரையோடு தெற்கே, ஆலை கண்ணுக்குச் சின்னதாகிற வரைக்கும் நடந்துபோய், அங்கேயும் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். இரண்டும் உப்புதான். எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் இடத்துக்கு நடந்தேன்.